டபுள் கிளேஸிங் ஸ்பேசர் பார்: அலுமினியமா, வார்ம் எட்ஜா? ஓரம் மட்டும் வேர்க்கிறதுக்கு இதுதான் காரணமா?

வடக்குஜன்னல்:

வணக்கம். வீட்டு ஜன்னல் எல்லாத்தையும் மாத்தப்போறோம். குளிர்காலத்துல வெளிய சைபருக்குக் கீழ போற இடம். இப்ப இருக்கிறது பழைய டபுள் கிளேஸிங், அதாவது ரெட்டைக் கண்ணாடி, லோ-இ கோட்டிங் (வெப்பத்தைத் திருப்பி அனுப்புற மெல்லிய பூச்சு) எல்லாம் கிடையாது, உள்ள வெறும் காத்துதான். குளிர் நாள்ல காலைல பாத்தா கண்ணாடி நடுவுல ஒண்ணுமே இருக்காது, சுத்தி ஓரத்துல மட்டும், அதுவும் கீழ் ஓரத்துல ரெண்டு விரல் அகலத்துக்குத் தண்ணி கோத்து நிக்கும், அது வழிஞ்சு ரப்பர்ல தங்கி அங்க கருப்பா பூஞ்சை பிடிக்குது, எத்தனை தடவ தொடச்சாலும் திரும்ப வந்துடுது.

ரெண்டு இடத்துல கொட்டேஷன் வாங்கிருக்கேன். ரெண்டுலயும் கண்ணாடி ஒண்ணுதான்: லோ-இ, உள்ள ஆர்கான் வாயு, 16 மில்லிமீட்டர் இடைவெளி, யூ-ஜி (கண்ணாடி வழியா ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு எத்தனை வாட் போகுதுங்கிற நம்பர்) 1.1. வித்தியாசம் என்னன்னா ரெண்டு கண்ணாடிக்கும் நடுவுல ஓரத்துல வர்ற பட்டைக்கு, அதாவது ஸ்பேசருக்கு, ஒருத்தர் அலுமினியம் போடுறாரு, இன்னொருத்தர் வெப்பத்தைக் கம்மியா கடத்துற, கருப்பு கலர் வார்ம் எட்ஜ் ஸ்பேசர்ங்கிறாரு. முதல் ஆள் "யூ-ஜி ரெண்டுக்கும் ஒண்ணுதானே, ஓரத்துல இருக்கிற ஒரு பட்டைல என்ன வந்துடப்போகுது"ங்கிறாரு. ரெண்டாவது ஆள் ஹீட்டிங் செலவு பாதியா குறையும்ங்கிறாரு. ரெண்டுமே நம்புற மாதிரி இல்ல. விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பட்டறைக்காரன்:

நான் இந்த ரெட்டைக் கண்ணாடி யூனிட் செய்யுற பிளான்ட்ல வேலை பாக்குறேன். ரெண்டு பேர் சொன்னதும் சரியில்ல.

முதல்ல அந்த ஓரத்துல என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கோங்க. ரெண்டு கண்ணாடியையும் ஒரே இடைவெளில நிறுத்துறது ஸ்பேசர். அது உள்ள கூடா இருக்கும், அந்தக் கூட்டுல டெசிகன்ட் குருணை இருக்கும், மாலிக்யுலர் சீவ்னு சொல்லுவோம், உள்ள மாட்டிக்கிட்ட ஈரத்தையும் வருஷக்கணக்குல கசிஞ்சு வர்ற ஈரத்தையும் அதுதான் உறிஞ்சிக்கும். ஸ்பேசரோட ரெண்டு பக்கமும் கண்ணாடியில ஒட்டுற இடத்துல மெல்லிசா பியூட்டில் போகும், அது முதல் சீல், ஈரம் உள்ள வராமயும் ஆர்கான் வெளிய போகாமயும் தடுக்கிறது முக்கியமா அதான். அதுக்கு வெளிய பாலிசல்ஃபைடோ பாலியூரித்தேனோ சிலிக்கானோ ரெண்டாவது சீல், அது கண்ணாடி ரெண்டையும் கெட்டியா பிடிச்சுக்கும்.

இப்ப பாருங்க, நடுவுல கண்ணாடி, ஆர்கான், கண்ணாடி. ஓரத்துல மட்டும் ஆர்கானுக்குப் பதிலா ஒரு அலுமினிய வளையம் உள்கண்ணாடியையும் வெளிக்கண்ணாடியையும் சேத்துப் பிடிச்சிருக்கு. வெளிக்குளிர் அது வழியா உள்ள வருது. நடுவுல போட்ட ஆர்கானும் கோட்டிங்கும் அந்த ஓரத்துல வேலை செய்யாது. யூ-ஜின்னு உங்களுக்கு எழுதிக் குடுத்த நம்பர் நடுப்பகுதிக்கு மட்டும்தான், அந்தக் கணக்குல ஸ்பேசரே கிடையாது. அதனால ரெண்டு கொட்டேஷன்லயும் அது ஒரே நம்பராத்தான் இருக்கும், எந்த ஸ்பேசர் போட்டாலும்.

வெப்பக்கணக்கு:

பட்டறைக்காரர் சொன்னதுக்கு நம்பர் சேத்துடுறேன், கட்டட வெப்பக் கணக்குதான் என் தொழில்.

ஒவ்வொரு பொருளும் வெப்பத்தை எவ்வளவு கடத்தும்னு ஐரோப்பிய ஜன்னல் கணக்கு விதியான ஈஎன் ஐஎஸ்ஓ 10077ல பட்டியலே இருக்கு. அலுமினியக் கலவை 160, கால்வனைஸ் பண்ண சாதா ஸ்டீல் 50, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 17, கண்ணாடி 1, பாலிசல்ஃபைடு 0.4, பாலிப்ரொப்பிலீன் 0.22. எல்லாம் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு இத்தனை வாட்டுன்னு படிக்கணும். ஆர்கான் சுமார் 0.017. 0.017 இருக்கிற இடத்துக்குப் பக்கத்துல 160 இருக்கிற பொருளை வெச்சா வெப்பம் எந்த வழியா போகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

ஓரத்துல போற இந்த வெப்பத்தை சை மதிப்புன்னு தனியா கணக்குப் போடுவாங்க. ஒரு மீட்டர் ஓரத்துக்கு, உள்ளயும் வெளியயும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தா எத்தனை வாட் கூடுதலா போகுதுங்கிறதுதான் அது. லோ-இ கண்ணாடி, மரம் இல்ல பிவிசி ஃபிரேம்னா அலுமினிய ஸ்பேசருக்கு அந்த விதியில குடுத்திருக்கிற பொது மதிப்பு 0.08. நல்ல பிளாஸ்டிக் ஸ்பேசர் போட்டா 0.04 பக்கம் வரும்.

முழு ஜன்னலுக்கு, அதாவது யூ-டபிள்யூ, மூணையும் கூட்டணும்: கண்ணாடி பரப்பளவு பெருக்கல் யூ-ஜி, ஃபிரேம் பரப்பளவு பெருக்கல் யூ-எஃப் (ஃபிரேமுக்கான அதே மாதிரி நம்பர்), கண்ணாடியோட சுத்தளவு பெருக்கல் சை. கூட்டி மொத்தப் பரப்பளவால வகுத்தா யூ-டபிள்யூ. ஒப்பிட்டுப் பாக்க வழக்கமா எடுக்கிற 1.23க்கு 1.48 மீட்டர் ஜன்னல், ஃபிரேம் 11 சென்டிமீட்டர் அகலம், யூ-எஃப் 1.3, உங்க யூ-ஜி 1.1 வெச்சுப் போட்டா:

அலுமினியம் (சை 0.08): யூ-டபிள்யூ 1.36
வார்ம் எட்ஜ் (சை 0.04): யூ-டபிள்யூ 1.26

கண்ணாடியும் மாறல ஃபிரேமும் மாறல, 0.1 குறைஞ்சிருக்கு, கிட்டத்தட்ட 7 சதவீதம். ஹீட்டிங் செலவு பாதியாகும்ங்கிறது பச்சைப் பொய், ஒண்ணும் வந்துடாதுங்கிறதும் பொய்.

நேர்க்கேள்வி:

இதையும் கேட்டுடுறேன். உங்க கணக்குப்படியே பாத்தா அந்த ஜன்னல்ல, உள்ள 20 வெளிய மைனஸ் 5ன்னா, 25 டிகிரி வித்தியாசத்துக்கு அலுமினியத்துல 62 வாட் போகுது, வார்ம் எட்ஜுல 57 வாட். ஒரு ஜன்னலுக்கு நாலரை வாட். பத்து ஜன்னல் இருந்தா 45 வாட், பழைய குண்டு பல்பு ஒண்ணு எரியுற அளவு. வீட்டுல கதவு இடுக்குல போற காத்து இதவிட அதிகமா வெப்பத்தைக் கொண்டுபோகும். ஃபிரேமை யூ-எஃப் 1.3லருந்து 1.0க்கு கொண்டுவந்தாலே அதே 0.1 கிடைச்சுடும். அப்புறம் எதுக்கு ஸ்பேசரைப் பிடிச்சு இவ்வளவு பேச்சு? விக்கிறவங்களுக்குச் சொல்ல ஒரு புதுப் பேர் வேணும், அவ்வளவுதான்னு எனக்குத் தோணுது.

வெப்பக்கணக்கு:

கணக்கு சரி. ஆற்றல் மட்டும்தான் பிரச்சினைன்னா நீங்க சொல்றது ஓரளவு நியாயம், முதல்ல காத்துக் கசிவைத்தான் அடைக்கணும், நானே அப்படித்தான் சொல்லுவேன். ஆனா கேள்வி கேட்டவருக்கு இருக்கிற தொந்தரவு தண்ணியும் பூஞ்சையும். அது மொத்தம் எத்தனை வாட்டுங்கிறதப் பொறுத்து வர்றதில்ல, வீட்டுலயே ரொம்பக் குளிர்ந்த இடத்துல வெப்பநிலை என்னங்கிறதப் பொறுத்து வருது. அந்த இடம் கண்ணாடியோட ஓரம்.

அறை 20 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம்னு வெச்சுக்குவோம். பனிநிலை 9.3 டிகிரி. அதுக்குக் கீழ போன எந்தப் பரப்புலயும் தண்ணி கோக்கும். பூஞ்சைக்கு அந்த அளவுகூட வேண்டாம், பரப்புக்குப் பக்கத்துல ஈரப்பதம் 80 சதவீதம் தொடர்ந்து இருந்தாலே போதும், அதுக்கான வெப்பநிலை 12.6. ஜெர்மன் விதி டிஐஎன் 4108ல வெளிய மைனஸ் 5, உள்ள 20 இருக்கும்போது சுவர் மூலை மாதிரி இடங்கள்ல எந்தப் பரப்பும் 12.6க்குக் கீழ போகக்கூடாதுன்னு வெச்சது இதனாலதான். ஜன்னலுக்கு அந்த அளவு கண்டிப்பு இல்ல, கொஞ்ச நேரம் வேர்த்துக் காஞ்சா தப்பில்லன்னு விடுறாங்க, ஆனா பூஞ்சைக்கு ஜன்னல் சுவர்னு பேதம் தெரியாது.

இப்ப வடக்குஜன்னல் வீட்டுல நடக்கிறத இதுல பொருத்திப் பாருங்க. பழைய கோட்டிங் இல்லாத டபுள் கிளேஸிங், யூ-ஜி சுமார் 2.8. வெளிய மைனஸ் 5ன்னா நடுக்கண்ணாடியோட உள்பக்கம் 11 டிகிரிக்கு ஒட்டி நிக்கும். 9.3க்கு மேல இருக்கிறதால நடுவுல தண்ணி இல்ல. ஓரத்துல அலுமினியம் இன்னும் சில டிகிரி இறக்கிடுது, அதனால சரியா ஓரத்துல மட்டும் பட்டையா தண்ணி. அவர் எழுதினது அப்படியே கணக்குல வருது.

புதுக் கண்ணாடி யூ-ஜி 1.1ன்னா நடுப்பகுதி 16 டிகிரிக்கு மேல வந்துடும். ஆனா ஓரத்துல அலுமினியமே இருந்தா ஓரம் அந்த அளவு ஏறாது. கண்ணாடி நல்லாக நல்லாக நடுவுக்கும் ஓரத்துக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசம்தான் பெருசாகும். அதனாலதான் லோ-இ கண்ணாடிக்குச் செலவு பண்ணிட்டு அதே அலுமினியத்தைப் போட்டா "புது ஜன்னல் போட்டும் ஓரம் வேர்க்குதே"ன்னு புகார் வருது. ஸ்பேசரை மாத்தினா ஓரத்துல ரெண்டு மூணு டிகிரி ஏறும், ஃபிரேமைப் பொறுத்து அதுக்கு மேலயும். 10ல நிக்கிற ஓரம் 13க்கு வர்றதும் வராததும்தான் பூஞ்சை பிடிக்கிற ஜன்னலுக்கும் பிடிக்காத ஜன்னலுக்கும் வித்தியாசம்.

மரச்சட்டம்:

மரவேலை செய்றவன் பக்கத்துலருந்து ஒண்ணு சொல்லிக்கிறேன். அந்தக் கீழ் ஓரத்துத் தண்ணி அறைக்குள்ள மட்டும் நிக்காது. பீடிங்குக்கும் (கண்ணாடியைப் பிடிக்கிற ஓரப்பட்டை) கண்ணாடிக்கும் நடுவுல இறங்கி கீழ்ச்சட்டத்துக்குள்ள போயிடும், பெயின்ட் எங்க லேசா வெடிச்சிருக்கோ அங்க மரம் ஊறிப்போகும், பழைய ஜன்னல் பிரிச்சா எப்பவும் கீழ்க்கட்டைதான் உளுத்திருக்கும் மேல்கட்டை புதுசு மாதிரி இருக்கும். அதோட யூனிட்டே தண்ணிக்குள்ள உக்காந்திருந்தா அதோட சீலும் ஊறி விட்டுடும். யூனிட்டை நேரா கட்டைமேல வைக்காம செட்டிங் பிளாக்னு சொல்ற சின்னத் துண்டுங்க மேல நிறுத்தணும், கீழ தண்ணி வடியவும் காத்து போகவும் வழி விடணும். இதை ஒழுங்கா செய்யாத இடத்துல எந்த ஸ்பேசர் போட்டும் பிரயோஜனம் இல்ல.

கீழ் ஓரம் மட்டும் ஏன் அதிகமா வேர்க்குதுன்னும் யாராவது சொல்லுங்க, எனக்கு ரொம்ப நாளா சந்தேகம்.

வெப்பக்கணக்கு:

ரெண்டு காரணம் சேருது. யூனிட்டுக்குள்ள இருக்கிற வாயு வெளிக்கண்ணாடிப் பக்கம் குளிர்ந்து கீழ இறங்கி உள்கண்ணாடிப் பக்கம் சூடாகி மேல ஏறிச் சுத்திக்கிட்டே இருக்கும், அதனால அடியில இருக்கிற வாயு எப்பவும் குளிர்ந்தது. அறைப் பக்கமும் கண்ணாடியைத் தொட்ட காத்து குளிர்ந்து கனத்து கீழ வழிஞ்சு அடியில சேருது, அங்க ஃபிரேம் விளிம்பும் ஜன்னல் திண்டும் வெதுவெதுப்பான காத்தை வரவிடாம மறைக்குது. தடிமனான திரை போட்டு மூடினா இது இன்னும் மோசமாகும், திரைக்குப் பின்னாடி கண்ணாடி நல்லாக் குளிர்ந்துடும் ஆனா ஈரம் உள்ள போயிடும்.

பழையகண்ணாடி:

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்பேசரையும் வார்ம் எட்ஜுன்னு விக்கிறாங்களே, அதுவும் உலோகம்தானே? 17ங்கிறது பிளாஸ்டிக்கோட ஒப்பிட்டா எவ்வளவோ அதிகம். இது ஏமாத்து வேலையா?

வெப்பக்கணக்கு:

இல்ல, பொருள் மட்டும் பாத்தாப் போதாது, சுவரோட தடிமனையும் பாக்கணும். அந்த 10077 விதியில வார்ம் எட்ஜுன்னு எதைச் சொல்லலாம்னு ஒரு வரம்பு இருக்கு: ஸ்பேசர் சுவரோட தடிமனை மீட்டர்ல எடுத்து கடத்துத்திறனோட பெருக்கணும், ரெண்டு சுவரையும் கூட்டணும், 0.007க்குள்ள வரணும்.

அலுமினியம் சுவர் 0.35 மில்லிமீட்டர்னா 0.112 வருது, வரம்பைவிட பதினாறு மடங்கு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கெட்டியானதால 0.15 மில்லிமீட்டர்ல உருட்டிடலாம், கணக்கு 0.0051, உள்ள வந்துடுது. கால்வனைஸ்ட் ஸ்டீல் 0.4 மில்லிமீட்டர்னா 0.04, அது வராது. ஆக மெல்லிய ஸ்டெயின்லெஸ் நியாயமாவே வார்ம் எட்ஜ்தான்.

ஆனா அந்த வரம்பு நுழைவாயில் மட்டும்தான். அதுக்குள்ளயே ஸ்டெயின்லெஸ், பிளாஸ்டிக் உடம்புல மெல்லிய ஸ்டீல் தகடு ஒட்டினது, முழுக்க பிளாஸ்டிக் உடம்புல ஃபிலிம் ஒட்டினது, சிலிக்கான் ஃபோம்னு வரிசையா சை மதிப்பு குறைஞ்சுக்கிட்டே வரும். ரொம்பக் கம்மி ஹீட்டிங்ல ஓடுற வீடுகளுக்கான பாசிவ் ஹவுஸ் நிறுவனம் ஸ்பேசருக்குன்னே தர வகுப்பு குடுக்குது, ஃபிரேமோட சேத்து வெச்சுக் கணக்குப் போட்டு.

பட்டறைக்காரன்:

இப்ப நான் எதிர்ப்பக்கம் கொஞ்சம் பேசணும், ஏன்னா இந்த இழையில எல்லாரும் சை மதிப்பையே பாக்குறீங்க. எங்க பட்டறையில ஸ்பேசரைப் பத்திப் பேச்சு வந்தா முதல் கேள்வி வெப்பம் கிடையாது, சீல் எத்தனை காலம் நிக்கும்ங்கிறதுதான். சை 0.03 இருந்து அஞ்சாறு வருஷத்துல ஆர்கான் பாதி போயிட்டா என்ன லாபம்?

யூனிட் எப்பவும் மூச்சு விட்டுக்கிட்டே இருக்கும். வெயில் அடிச்சா உள்ள இருக்கிற வாயு விரிஞ்சு கண்ணாடி ரெண்டும் வெளிய பிதுங்கும், குளிர்ந்தா உள்ள குழியும், வெளிக்காத்தோட அழுத்தம் மாறினாலும் அப்படித்தான். ஒவ்வொரு தடவையும் ஓரத்துல பியூட்டில் இழுபடுது, அமுங்குது. இதுக்கு மேல ஸ்பேசரும் கண்ணாடியும் ஒரே மாதிரி விரியாது. கண்ணாடி ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 9 மைக்ரான் நீளும், அலுமினியம் 23க்கு மேல. ரெண்டு மீட்டர் உயர யூனிட்டுல 60 டிகிரி ஏத்த இறக்கம் வந்தா ஸ்பேசருக்கும் கண்ணாடிக்கும் ஒண்ணரை மில்லிமீட்டருக்கு மேலயே வித்தியாசம் வருது, அத்தனையையும் அந்த மெல்லிசு பியூட்டில்தான் தாங்கணும். சாதா ஸ்டெயின்லெஸ் 16, 17ன்னு நடுவுல நிக்குது, அதனால எனக்குப் பிடிக்கும். வெறும் பிளாஸ்டிக் இன்னும் அதிகமா விரியும், அதனாலதான் நல்ல கம்பெனிங்க அதுல கண்ணாடி நார் கலக்குறாங்க.

அடுத்து, பிளாஸ்டிக் வழியா வாயுவும் ஈரமும் மெதுவா ஊடுருவும், உலோகத்துல அது நடக்காது. அதனால பிளாஸ்டிக் ஸ்பேசரோட முதுகுல மெல்லிய ஸ்டெயின்லெஸ் தகடோ உலோகம் பூசின ஃபிலிமோ கண்டிப்பா ஒட்டியிருக்கணும். அந்த ஃபிலிம் மூலையில மடங்கி வெடிச்சாலோ, ஸ்டோர்ல கீறல் பட்டாலோ அங்கதான் கசிவு ஆரம்பிக்கும். சிலிக்கான் ஃபோம் இருக்கு பாருங்க, சூப்பர் ஸ்பேசர் மாதிரி, அது வளையுற தன்மையால கண்ணாடியோட சேந்து மூச்சு விடும், ஆனா ஃபோம் வழியா வாயு தாராளமா போகும், முழுக்க அந்தப் பின்பக்க ஃபிலிமையும் பியூட்டிலையும் நம்பித்தான் நிக்குது. டிபிஎஸ்ங்கிற முறை வேற மாதிரி, டெசிகன்ட் கலந்த பியூட்டிலையே மெஷின் நேரா கண்ணாடி மேல ஸ்பேசரா ஊத்திடும், மூலையில இணைப்பே கிடையாது, நான் பாத்த வரைக்கும் வாயு நிக்கிறதுல அது ரொம்ப நல்லது, ஆனா அதுக்கு பெரிய லைன் வேணும் சின்ன பட்டறையால முடியாது.

ஐரோப்பால ஈஎன் 1279ன்னு யூனிட்டுக்கான விதி இருக்கு. அதுல மூணாவது பாகத்துல வாயு கசிவு வருஷத்துக்கு 1 சதவீதத்துக்குக் கீழ இருக்கணும், ரெண்டாவது பாகத்துல ஈரம் எவ்வளவு உள்ள போச்சுன்னு பாக்குற டெஸ்ட். ரெண்டும் ஸ்பேசருக்கு மட்டும் கிடையாது, அந்த ஸ்பேசர், அந்த பியூட்டில், அந்த சீலன்ட் எல்லாம் சேத்து செஞ்ச முழு யூனிட்டுக்கு. அதனால ஸ்பேசர் கம்பெனியோட காகிதத்தைக் காட்டினா விட்டுடாதீங்க, யூனிட் செய்றவரோட டெஸ்ட் காகிதத்தைக் கேளுங்க.

நேர்க்கேள்வி:

இதுக்காகத்தான் நான் அலுமினியத்தை விட்டுக்குடுக்க மாட்டேங்கிறேன். அலுமினியத்தை அழகா வளைச்சு மூலையே இல்லாம செய்யலாம், வாயு ஊடுருவாது, காலங்காலமா பாத்த பொருள். அதுவும் வெயில் ஊர்ல இருக்கிறவங்களுக்கு வார்ம் எட்ஜ் எதுக்கு? வெளிய 35 உள்ள ஏசில 24ன்னா 11 டிகிரிதான் வித்தியாசம்.

வெப்பக்கணக்கு:

வெயில் ஊருக்கு நீங்க சொல்றத ஒத்துக்கிறேன். அங்க கண்ணாடி வழியா நேரா வர்ற வெயிலோட வெப்பம்தான் பெருசு, காசை வெயில் தடுக்கிற கோட்டிங்லயும் வெளி நிழல்லயும் போடணும், ஸ்பேசர் கடைசில வரும். ஏசி ஓடுற அறையில ஈரமான நாள்ல கண்ணாடியோட வெளிப்பக்க ஓரம் வேர்க்கும், அதுல வார்ம் எட்ஜ் கொஞ்சம் உதவும்.

ஆனா வளைக்கிறது அலுமினியத்துக்கு மட்டும் சொந்தமில்ல. ஸ்டெயின்லெஸ்ஸையும் தகடு ஒட்டின பிளாஸ்டிக்கையும் வளைச்சே செய்றாங்க. குளிர் ஊர்ல டிரிபிள் கிளேஸிங்குக்குப் போனா அலுமினியத்துக்கு இடமே இல்லன்னு நான் உறுதியாச் சொல்லுவேன். மேல போட்ட அதே ஜன்னல்ல யூ-ஜி 0.6, யூ-எஃப் 1.0 வெச்சா அலுமினியத்துல 0.92, வார்ம் எட்ஜுல 0.82. பத்து சதவீதத்துக்கு மேல போகுது, மூணாவது கண்ணாடிக்குக் குடுத்த காசுல ஒரு பங்கை ஓரத்துலயே விட்டுடுறீங்க.

சின்ன ஜன்னலுக்கு இன்னும் அதிகம், ஏன்னா பரப்பளவு குறையுற வேகத்துல சுத்தளவு குறையாது. பாத்ரூம் ஜன்னல், 62க்கு 82 சென்டிமீட்டர், முதல்ல சொன்ன அதே டபுள் கிளேஸிங், அதே ஃபிரேம்: அலுமினியம் 1.52, வார்ம் எட்ஜ் 1.36. வித்தியாசம் 0.16. வீட்டுலயே ஈரம் அதிகமான அறையில ஓரம் அதிகமான ஜன்னல். கண்ணாடிக்குள்ள அழகுக்குக் கட்டம் போட்டு குறுக்குப் பட்டை வைக்கிறதும் இதே மாதிரிதான், ஒவ்வொரு பட்டையும் கூடுதல் இழப்பு.

பழையகண்ணாடி:

எங்க வீட்டுல ரெண்டு கண்ணாடிக்கும் நடுவுல பனி மாதிரி படியுது, தொடைக்கவே முடியல. வார்ம் எட்ஜ் ஸ்பேசர் போட்டா சரியாயிடுமா?

பட்டறைக்காரன்:

அது வேற வியாதி. உள்ள தண்ணி வந்துடுச்சுன்னா சீல் போயிடுச்சு, டெசிகன்ட் நிறைஞ்சிடுச்சு, அவ்வளவுதான். ஸ்பேசரோட வெப்பத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. அந்த யூனிட்டை மாத்தித்தான் ஆகணும், ஃபிரேம் நல்லா இருந்தா கண்ணாடி யூனிட் மட்டும் மாத்தலாம். அப்படி மாத்துறப்ப நல்ல ஸ்பேசரா கேட்டு வாங்கிக்கோங்க, கூடுதல் வேலை எதுவும் கிடையாது.

இன்னொண்ணு, ரொம்ப நல்ல டிரிபிள் கிளேஸிங் போட்டவங்க சில நாள் காலைல வெளிப்பக்கம் நடுவுல பனி பிடிக்குதுன்னு பயப்படுவாங்க. அது நல்ல கண்ணாடிங்கிறதுக்கு அடையாளம். உள்வெப்பம் வெளிக்கண்ணாடிக்கு வரல, ராத்திரி வானத்தைப் பாத்து அது குளிர்ந்துடுது.

வடக்குஜன்னல்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ரெண்டு பேருக்கும் மெயில் அனுப்பி சை மதிப்பு கேட்டேன். அலுமினியம் போடுறவருக்கு அது என்னன்னே தெரியல. வார்ம் எட்ஜ் போடுறவர் ஒரு டேட்டா ஷீட் அனுப்பியிருக்காரு, அதுல ஒரே ஸ்பேசருக்கு நாலு ஃபிரேம், டபுள் டிரிபிள்னு எட்டு நம்பர் இருக்கு, அவரு அதுல இருக்கிறதுலயே சின்ன நம்பரை வட்டம் போட்டுக் காட்டுறாரு. எனக்கு வர்றது தெர்மல் பிரேக் (நடுவுல வெப்பத்தைத் தடுக்கிற துண்டு) உள்ள அலுமினிய ஃபிரேம். எதை எடுக்கணும்? அப்புறம் "எங்க ஸ்பேசரோட கடத்துத்திறன் இவ்வளவு கம்மி"ன்னு இன்னொரு நம்பரும் எழுதியிருக்காரு.

வெப்பக்கணக்கு:

உங்க ஃபிரேமும் உங்க கண்ணாடியும் சேர்ற கட்டத்துல இருக்கிற நம்பரை மட்டும் எடுங்க. சை ஸ்பேசரோட குணம் மட்டும் இல்ல, ஃபிரேமும் கண்ணாடியும் ஸ்பேசரும் சேந்து குடுக்கிறது. 10077 விதியிலயே பாருங்க, லோ-இ கண்ணாடி, அலுமினிய ஸ்பேசருக்கு மரத்துல 0.08, தெர்மல் பிரேக் உலோக ஃபிரேம்ல 0.11. வார்ம் எட்ஜுக்குப் பொது மதிப்பு 0.06, 0.08. உங்களுக்கு வர்ற மாதிரி டேட்டா ஷீட் ஜெர்மனில ரோசன்ஹைம் ஐஎஃப்டி நிறுவனத்தோட வழிமுறைப்படி போடுறது, எல்லா ஸ்பேசரையும் ஒரே மாதிரி ஃபிரேம்ல வெச்சுக் கணக்குப் பண்ணதால ஒண்ணோட ஒண்ணு நேரா ஒப்பிடலாம், அது நல்ல ஏற்பாடு.

அந்த இன்னொரு நம்பர், அது பிளாஸ்டிக் உடம்போட கடத்துத்திறனா, தகடையும் உள்ள இருக்கிற குருணையையும் சேத்த சமான கடத்துத்திறனான்னு கேளுங்க. உடம்பு மட்டும்னா அதை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது, முதுகுல இருக்கிற தகடுதான் வெப்பத்தைக் கடத்துறதுல பெரும்பங்கு. ரெண்டாவது சீலும் கணக்குல வரும், பாலிசல்ஃபைடு தடிமனாக ஆக சை கொஞ்சம் ஏறும், அதுக்காக சீலைக் குறைக்கச் சொல்லிடாதீங்க, யூனிட்டைப் பிடிச்சு வெச்சிருக்கிறதே அதுதான்.

காசு செலவில்லாம ஒரு வேலை இருக்கு. கண்ணாடி ஃபிரேமுக்குள்ள எவ்வளவு ஆழம் இறங்குதுன்னு கேளுங்க. ஸ்பேசர் ஃபிரேம் விளிம்புக்குக் கீழ நல்லா மறைஞ்சு உக்காந்தா ஓரத்துக்குளிர் உள்ள தெரியுற கண்ணாடிக்கு வர்றது குறையும். ஸ்பேசர் வெளிய தெரியுற மாதிரி மேல நின்னா நல்ல ஸ்பேசரும் முழுப் பலன் குடுக்காது.

ஈரத்தையும் விட்டுடாதீங்க. அதே 20 டிகிரில ஈரப்பதம் 60 இருந்தா பனிநிலை 12, 40க்கு இறக்கினா 6. ஒரு நல்ல ஸ்பேசர் ஓரத்துல ஏத்திக் குடுக்கிற மூணு டிகிரியை, வீட்டுக்குள்ளயே துணி காயப்போட்டு ஒரே நாள்ல இழந்துடலாம்.

நேர்க்கேள்வி:

பூஞ்சை விஷயத்துல உங்க வாதம் எனக்குச் சரியாப் படுது, குளிர் ஊருக்கு வார்ம் எட்ஜ் போடலாம். ஆனா வடக்குஜன்னல், சீல் காகிதம் குடுக்கலன்னா வாங்காதீங்க, அதுல நான் மாற மாட்டேன்.

வடக்குஜன்னல்:

கேட்டுட்டேன், வாயு கசிவு டெஸ்ட் காகிதம் குடுக்கிறேன்னு சொல்லியிருக்காரு, உலோக ஃபிரேம் கட்டத்துல இருக்கிற நம்பர் வெச்சு யூ-டபிள்யூவும் எழுத்துல கேட்டிருக்கேன். யூனிட் வந்து இறங்கினதும் மாட்டுறதுக்கு முன்னாடி நான் என்ன பாக்கலாம்? சொன்ன ஸ்பேசர்தான் போட்டிருக்காங்கன்னு எப்படித் தெரியும்?

பட்டறைக்காரன்:

கண்ணாடிக்குள்ள ஸ்பேசர் மேல பேரும் செஞ்ச தேதியும் அச்சடிச்சிருக்கும் பாருங்க, டார்ச் அடிச்சா தெரியும். கருப்பா இருந்தா வார்ம் எட்ஜுன்னு நினைச்சுடாதீங்க, அலுமினியத்துக்கே கருப்புப் பூச்சு குடுத்து வருது. யூனிட்டோட விளிம்புல சீலன்ட் மூடியிருக்கிறதால பக்கவாட்டுல பொருள் தெரியாது, அதனால அந்த அச்சும் டெலிவரி சீட்டும் ஒத்துப்போகணும்.

அப்புறம் மூலைக்கு மூலை பியூட்டிலைப் பாருங்க. கண்ணாடி வழியா உத்துப் பாத்தா ஸ்பேசர் பக்கத்துல கருப்புக் கோடா தெரியும். அந்தக் கோடு எங்கயும் அறுந்திருக்கக்கூடாது, மூலையில மெலிஞ்சு போயிருக்கக்கூடாது, நடுவுல காத்துக்குமிழ் இருக்கக்கூடாது. கோடு லேசா நெளிஞ்சிருந்தா அழகு கம்மி, அவ்வளவுதான், அதைத் திருப்பி அனுப்ப வேண்டாம். அறுந்திருந்தா எந்தச் சமாதானமும் கேக்காதீங்க, ஏத்தின வண்டியிலயே திருப்பி அனுப்பிடுங்க. வெளி சீலன்ட் நாலு பக்கமும் நிறைஞ்சிருக்கணும், விரலால தடவினா பள்ளம் தட்டக்கூடாது. மாட்டுற ஆளுகிட்ட பீடிங் போடுறதுக்கு முன்னாடியே செட்டிங் பிளாக்கையும் வடிகால் ஓட்டையையும் காட்டச் சொல்லுங்க, பீடிங் போட்டாச்சுன்னா அப்புறம் யாரும் பிரிச்சுக் காட்ட மாட்டாங்க.